போலீஸ் ஸ்டேஷனில் மனநல நெருக்கடிப் பயிற்சி: முதல்முறை நடத்தப் போகிறவர்களுக்கு

எங்கள் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, பல வருடமாக ஸ்கிசோஃப்ரினியாவுக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறவர். ஒரு தடவை மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று நாள் தூங்காமல் இருந்தார். நாலாவது நாள் ராத்திரி வீட்டுக்குப் பின்னால் செடி வெட்டும் கத்தியோடு நின்றுகொண்டு, அங்கே இல்லாத யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பெரியம்மா போலீஸ் அவசர எண் 10111-க்கு அடித்தார். சைரன் போட்டுக்கொண்டு வேன் வந்தது. மூன்று பேர் இறங்கி மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருவர் கத்தியைப் போடு என்கிறார், இன்னொருவர் கையைத் தூக்கு என்கிறார், மூன்றாமவர் அசையாதே என்கிறார். அண்ணன் இதில் எதைச் செய்வார்? பெப்பர் ஸ்ப்ரே அடித்து, விலங்கு மாட்டி, ராத்திரி முழுக்க செல்லில் வைத்து, மறுநாள் மத்தியானம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் போகவில்லை. ஆனால் இன்றைக்கும் தெருவில் நீல விளக்கைப் பார்த்தால் அண்ணன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

அந்த மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் மறுநாள் பெரியம்மாவிடம் வந்து, "ஆன்டி, நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை" என்றார். அந்த ஒரு பேச்சிலிருந்துதான் நான் இந்த வேலைக்குள் வந்தேன். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் டவுன்ஷிப்களில், போலீசும் ஊராரும் சேர்ந்து பேசும் கம்யூனிட்டி போலீசிங் ஃபோரத்தில் இருப்பவர்கள், கிளினிக் நர்சுகள், கோயில் கமிட்டிக்காரர்கள், ஓய்வு பெற்ற போலீஸ்காரர்கள் என்று யாராவது தங்கள் ஊர் ஸ்டேஷனில் இப்படி ஒரு பயிற்சி நடத்தலாமே என்று நினைத்தால், எதில் தொடங்குவது, எதைத் தவறவிடக்கூடாது என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் கேஷுவல்டி வாசலுக்குப் போங்கள்

பயிற்சி என்றதும் பெரும்பாலானவர்கள் ஸ்லைடு தயாரிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். அதை ஓரமாக வையுங்கள். நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரியின் கேஷுவல்டி.

இரண்டு போலீஸ்காரர்கள் ஒருவரை நல்லபடியாகப் பேசி வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வையுங்கள். அங்கே வரிசை. கட்டில் இல்லை, டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார், அந்த ஃபாரம் எங்களிடம் இல்லை, செக்யூரிட்டி இல்லாமல் எடுக்க மாட்டோம். ஆறு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த நேரமெல்லாம் அவர்களுடைய ஏரியாவில் வேன் இல்லை. அடுத்த தடவை அவர்கள் என்ன செய்வார்கள்? செல்லில் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்பார்கள். நீங்கள் எவ்வளவு உருக்கமாகப் பாடம் எடுத்திருந்தாலும் இதுதான் நடக்கும்.

இந்தப் பயிற்சி முறைக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த ஊர் அமெரிக்காவில் உள்ள மெம்ஃபிஸ். 1987 செப்டம்பரில் அங்கே ஜோசப் டிவேய்ன் ராபின்சன் என்ற 27 வயதுக்காரர் கத்தியால் தன்னையே கிழித்துக்கொண்டிருந்தார். உதவி கேட்டு அழைத்த இடத்தில் போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றது. ஊர் கொந்தளித்தது. போலீஸ், பல்கலைக்கழகம், மருத்துவமனை, மனநோய் உள்ளவர்களின் குடும்பங்கள் எல்லாம் உட்கார்ந்து பேசி 1988-இல் நெருக்கடித் தலையீட்டுக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். விரும்பி முன்வந்த போலீஸ்காரர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி. எல்லாரும் அந்த 40 மணி நேரத்தைத்தான் பேசுகிறார்கள். ஆனால் அதோடு சேர்த்து, போலீஸ் கொண்டுவரும் ஆளை மறுக்காமல், சீக்கிரமாக வாங்கிக்கொள்ளும் ஒரு ஆஸ்பத்திரியையும் அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். என் கருத்தில் அதுதான் பாதி வெற்றி.

ஆகவே உங்கள் பகுதியில் எந்த ஆஸ்பத்திரி என்று முதலில் உறுதி செய்யுங்கள். சாட்ஸ்வொர்த்தில் கேட்டால் ஆர்.கே. கான் என்பார்கள், ஃபீனிக்ஸில் கேட்டால் மகாத்மா காந்தி மெமோரியல் என்பார்கள். ஆனால் சிகிச்சைக்குச் சம்மதிக்காதவரை வைத்துப் பரிசோதிக்கும் 72 மணி நேர மதிப்பீட்டுக்கு உங்கள் ஸ்டேஷன் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பதை ஆஸ்பத்திரி மேனேஜ்மென்டிடமே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கேஷுவல்டி சிஸ்டர் ஒருவர், ஸ்டேஷன் கமாண்டர், ஆம்புலன்ஸ் தரப்பில் ஒருவர், மூன்று பேரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். யார் ஏற்றிக்கொண்டு வருவது (ஆம்புலன்ஸ் எண் 10177-க்கு அடித்தால் அவர்கள் போலீசைக் கூப்பிடு என்கிறார்கள், போலீஸ் ஆம்புலன்சைக் கூப்பிடு என்கிறது), எந்த வாசல், யாருக்கு முன்கூட்டி போன் அடிப்பது, போலீஸ்காரர்களை எவ்வளவு நேரத்தில் விடுவிப்பது என்று பேசி முடியுங்கள். இதற்கு இரண்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை. இது முடியாமல் பயிற்சி நாள் குறிக்காதீர்கள்.

சட்டத்தை ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள்

"அவன் ஒன்றும் குற்றம் செய்யவில்லையே, நாங்கள் எப்படித் தொடுவது?" சார்ஜ் ஆபீசில், அதாவது ஸ்டேஷனின் புகார் மேசையில், குடும்பங்களுக்குக் கிடைக்கிற பதில் இது. தவறான பதில். நம் நாட்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2002-ஆம் ஆண்டின் 17-ஆம் எண் சட்டம், அதன் 40-ஆவது பிரிவு போலீசுக்குக் கடமையே விதிக்கிறது. மனநோயாலோ கடுமையான அறிவுத்திறன் குறைபாட்டாலோ ஒருவர் தனக்கோ பிறருக்கோ பெரிய கேடு செய்துகொள்ளக்கூடும் என்று நம்பக் காரணம் இருந்தால், போலீஸ் அவரைப் பிடித்து, மதிப்பீட்டுக்காகப் பொருத்தமான சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் காரணம் போலீஸ்காரர் தாமே கண்ணால் பார்த்ததாக இருக்கலாம், அல்லது மனநலத் துறையில் வேலை செய்யும் ஒருவர் சொன்னதாக இருக்கலாம். கிளினிக்கில் இருக்கும் மனநல நர்ஸ் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டால் வேலை எவ்வளவு சுலபமாகிறது என்று இப்போது புரியும்.

அந்தப் பிரிவு காட்டும் இடம் சுகாதார நிலையம், செல் இல்லை. இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கும்போது போலீஸ் நிரப்ப வேண்டிய, இந்தச் சட்டத்தின் ஃபாரம் எம்.எச்.சி.ஏ 22. இந்தத் தாள் இல்லாமல் கேஷுவல்டியில் நடக்கிற சண்டை கொஞ்சநஞ்சமில்லை, அதனால் பத்துப் பிரதி ஒவ்வொரு வேனிலும் இருக்கட்டும், பத்து சார்ஜ் ஆபீஸ் டிராயரில் இருக்கட்டும். அப்புறம் குடும்பங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம்: போலீஸ் கொண்டுவந்து, பரிசோதித்துவிட்டு ஆபத்து உண்டு என்று சொன்னாலும், விருப்பமில்லாச் சிகிச்சைக்கான விண்ணப்பம் 24 மணி நேரத்துக்குள் வராவிட்டால் அவரை விட்டுவிட வேண்டும். அந்த விண்ணப்பம்தான் எம்.எச்.சி.ஏ 04. கணவன், மனைவி, நெருங்கிய உறவினர், பெற்றோர் போன்றவர்கள் கையெழுத்திடலாம், கடைசி ஏழு நாளுக்குள் அவரை நேரில் பார்த்திருக்க வேண்டும். ஆகவே வேன் கிளம்பும்போதே குடும்பத்தில் ஒருவர் அடையாள அட்டையோடு பின்னாலேயே வர வேண்டும் என்று போலீஸ்காரரே சொல்லப் பழக வேண்டும். 72 மணி நேர மதிப்பீடெல்லாம் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியின் பொறுப்பு.

இன்னும் ஒன்று, இந்த நாட்டில் தற்கொலை முயற்சி குற்றம் இல்லை. கேஸ் போடுவார்களோ என்று பயந்து போன் அடிக்காமல் இருக்கும் வீடுகள் உண்டு. போலீசும் இதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும்.

பாடம் எடுக்க யாரைக் கூப்பிடுவது

ஒரு சைக்கியாட்ரிஸ்ட் கிடைத்தால் நல்லது, ஆனால் அவருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். நோய்களின் பெயர்ப் பட்டியல் போலீஸ்காரருக்கு வேண்டியதில்லை, ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவருக்கு பைபோலாரா ஸ்கிசோஃப்ரினியாவா என்று அவர் கண்டுபிடிக்கப் போவதும் இல்லை. நோயோடு வாழ்கிற ஒருவர், அப்படிப்பட்ட பிள்ளையின் அம்மா ஒருவர், மனநல நர்ஸ் ஒருவர், இப்படிப்பட்ட அழைப்புகளுக்குப் போய் வந்த அனுபவமுள்ள ஒரு வாரண்ட் ஆபீசர் (போலீசில் ஒரு பதவி), இந்த நாலு பேர் போதும். வாரண்ட் ஆபீசர் அவசியம். வெளியாள் சொன்னால் தலையாட்டுவார்கள், தங்கள் ஆள் சொன்னால்தான் கேட்பார்கள்.

எங்கள் முதல் பயிற்சிக்கு அண்ணனைக் கேட்டபோது ஒரு வாரம் பதிலே சொல்லவில்லை. பிறகு வந்தார். கதவுக்குப் பக்கத்து நாற்காலி வேண்டும், யாரும் யூனிஃபார்மில் வரக்கூடாது என்று இரண்டு நிபந்தனை. ஸ்டேஷன் கமாண்டர் சம்மதித்தார். அண்ணன் பேசியது ஏழெட்டு நிமிடம்தான். "அன்றைக்கு என்னை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று யாரும் சொல்லவில்லை, கொல்லத்தான் கொண்டுபோகிறீர்கள் என்று நினைத்தேன்" என்றார். அறையில் ஒரு சத்தமும் இல்லை.

எங்கே கொண்டுபோகிறோம் என்று சொல்வது இந்த நாட்டில் இன்னும் முக்கியம். 2016-இல் ஹவுட்டெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமெனி என்ற மனநலப் பராமரிப்பு நிலையங்களிலிருந்து மனநோயாளிகளை வசதியே இல்லாத இடங்களுக்கு மாற்றியபோது 144 பேர் இறந்தார்கள். தங்கள் ஆள் எங்கே என்று தெரியாமலே அலைந்த குடும்பங்கள் இருந்தன. ஒரு தாய் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு "எங்கே, எங்கே" என்று கேட்டால் அவள் தொந்தரவு செய்கிறாள் என்று நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள்.

அந்த ஒரு நாள்

40 மணி நேரம் நமக்கு யாரும் தரப்போவதில்லை. ஒரு நாள் கிடைத்தால் பெரிது, அதையும் ரிலீஃப் ரிலீஃபாக, அதாவது ஷிப்ட் ஷிப்டாக, பிரித்து நடத்த வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டேஷன் காலியாகிவிடும். ஒரு தடவைக்கு 12 பேருக்கு மேல் வேண்டாம்.

காலையில் முதல் வேலை காது. மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். ஒருவர் ஒரு ஃபாரத்தை நிரப்ப வேண்டும், இன்னொருவர் சுருட்டிய பேப்பரை அவர் காதில் வைத்து நிறுத்தாமல் கிசுகிசுக்க வேண்டும், "அவனை நம்பாதே, அவன் உன்னைப் பார்க்கிறான், ஓடு", மூன்றாமவர் எதிரில் நின்று போலீஸ் தோரணையில் கேள்வி கேட்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் ஃபாரம் நிரப்புகிறவருக்கு வியர்க்கும். கட்டளைக்கு உடனே பணியாதவர் திமிர் பிடித்தவர் என்ற எண்ணம் இந்த விளையாட்டில் உடைகிற மாதிரி வேறெதிலும் உடைவதை நான் பார்க்கவில்லை.

அடுத்தது பேச்சுப் பயிற்சி, நாளின் பெரும்பகுதி இதற்குத்தான். தெருமுனையிலேயே சைரனையும் நீல விளக்கையும் அணைக்க வேண்டும். ரேடியோவின் சத்தத்தைக் குறைக்க வேண்டும். ஒருவர் மட்டும் பேச வேண்டும், மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது, இது எழுதப்பட்ட கட்டளை போல இருக்க வேண்டும். அவருக்கும் உங்களுக்கும் நடுவில் வேலியோ காரோ மேசையோ இருக்கட்டும், அவர் வெளியே போகும் வழியை மறித்து நிற்காதீர்கள், உங்கள் வழியையும் விட்டுவிடாதீர்கள். பெயரைச் சொல்லுங்கள், பெயரைக் கேளுங்கள். "என் பெயர் சிஃபோ. உங்களுக்கு உதவத்தான் வந்திருக்கிறேன்." ஒரு சின்ன வாக்கியம் சொல்லிவிட்டு, மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்து எண்ணுவதுதான் அவர்களுக்குக் கஷ்டம். ஆறாவது எண்ணிலேயே அடுத்த கட்டளை வாயில் வந்துவிடும். திரும்பத் திரும்பச் செய்ய வையுங்கள்.

குரல் கேட்கிறது என்று சொல்பவரிடம் ஆமாம் எனக்கும் கேட்கிறது என்று பொய் சொல்ல வேண்டாம், அப்படி ஒன்றும் இல்லை என்று வாதாடவும் வேண்டாம். "எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்கிறது, அது பயமாக இருக்கிறது என்று தெரிகிறது. அது என்ன சொல்கிறது?" யாரையாவது குத்தச் சொல்கிறதா என்பது இந்தக் கேள்வியில்தான் வெளியே வரும். அதே போல் சாக நினைக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆவதில்லை. கேட்ட பிறகு பலர் அழுவார்கள், அழட்டும்.

கையில் கத்தி இருந்தால் என்ன என்று நிச்சயம் கேட்பார்கள், நியாயமான கேள்வி. பக்கத்தில் இருப்பவர்களை அப்புறப்படுத்துங்கள், தூரத்தைக் கூட்டுங்கள், கூடுதல் ஆட்களைக் கூப்பிட்டுத் தெருமுனையில் நிறுத்துங்கள், பேசுகிறவர் பேசிக்கொண்டே இருக்கட்டும். யாரையும் அவர் நெருங்காதவரை உங்களிடம் நேரம் இருக்கிறது. பலம் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வரலாம், அதைப் பொய்யாக மறைக்காதீர்கள். தேவையான அளவு, நிலைமைக்குத் தகுந்த அளவு என்பதுதான் சட்டத்தின் அளவுகோல்.

உடம்பைப் பற்றி ஒரு மணி நேரம் கட்டாயம் ஒதுக்குங்கள். ஒருவரைக் குப்புறப் போட்டு முதுகில் முழங்காலை வைத்து அழுத்தினால் மூச்சு அடைத்துச் சாகலாம். விலங்கு மாட்டியதும் உடனே பக்கவாட்டில் திருப்ப வேண்டும், பிறகு உட்கார வைக்க வேண்டும். திமிறிக்கொண்டிருந்தவர் திடீரென்று அடங்கிவிட்டால் நிம்மதி அடையாதீர்கள், மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது சர்க்கரை. நம் ஜனங்களுக்குள் சர்க்கரை நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லவே வேண்டாம். இரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் வியர்த்து, நாக்குக் குழறி, கோபப்பட்டு, குடித்தவர் மாதிரியே நடந்துகொள்வார்கள். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால்கூட ஒரே நாளில் புத்தி தடுமாறும். சுகர்ஸ் என்கிற ஹெராயின் கலவை நம் டவுன்ஷிப்களைப் பிடித்து ஆட்டுவதால் இளைஞர் என்றால் உடனே போதை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். போதையாகவே இருந்தாலும் அவரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவராக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் செல்லுக்குப் போகும் முன் டாக்டர் பார்க்கட்டும்.

சாமி வந்ததும் நோய் வந்ததும்

வெளியூர் கையேடுகளில் இல்லாத பகுதி இது. ஸ்டேஷனில் பெரும்பாலானவர்கள் ஜூலு பேசுகிறவர்கள். தைப்பூசக் காவடியில் அலகு குத்தி ஆடுகிறவரையும், ஈஸ்டர் சமயத்தில் மவுண்ட் எட்ஜ்கும் மாரியம்மன் கோயிலில் சாமி வந்து தலைவிரித்து ஆடுகிற அம்மாவையும் முதல்தடவை பார்க்கிற கான்ஸ்டபிள் மிரண்டுபோவார். ஒரு கோயில் பெரியவரைக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். சாமி வருவதற்கு ஒரு நேரம் உண்டு, இடம் உண்டு, சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியும், விபூதி பூசித் தண்ணீர் கொடுத்தால் இறங்கிவிடும், அடுத்த நாள் அவர் வேலைக்குப் போவார். நாள்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், தனியாக அறைக்குள் பேசிக்கொண்டிருப்பது வேறு. பிறகு ஜூலு போலீஸ்காரர்களையே உக்குத்வாசா பற்றிச் சொல்லச் சொல்லுங்கள், முன்னோர் அழைத்து சங்கோமா (பாரம்பரிய வைத்தியர்) ஆகிற காலத்தில் ஒருவர் எப்படி இருப்பார் என்று. இரண்டு பக்கமும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டபோது எங்கள் அறையில் முகங்கள் மாறியதைப் பார்த்தேன்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். செய்வினை, பேய் என்று சொல்லி மாதக்கணக்கில் கயிறு கட்டிக்கொண்டு அலைந்துவிட்டு, கத்தி எடுத்த பிறகுதான் போலீசுக்கு அடிக்கிறோம். பூஜை செய்யட்டும், யார் வேண்டாம் என்றது, மாத்திரையும் கூடவே போகட்டும்.

ரேடியோவில் பைத்தியம், ஜூலுவில் அதே அர்த்தம் தரும் உஹ்லான்யா என்ற வார்த்தைகள் வரக்கூடாது என்று அன்றைக்கே முடிவு எடுங்கள். போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் அரை நாள்

போலீசுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் ஒரு கை ஓசை. இன்னொரு நாள் சாயங்காலம் கோயில் ஹாலிலோ சர்ச்சிலோ குடும்பங்களைக் கூட்டுங்கள். ஒரே தாளில் எல்லாம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டச் சொல்லுங்கள்: பெயர், நோய், மாத்திரைகள், எந்த கிளினிக், எதைப் பார்த்தால் பயப்படுவார், யார் பேச்சைக் கேட்பார். போனில் பேசும்போது ஆயுதம் இருந்தால் இருக்கிறது என்று உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இல்லை என்று இரண்டு தடவை சொல்ல வேண்டும். வேன் சீக்கிரம் வரட்டும் என்று துப்பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டால், வருகிறவர்கள் துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வருவார்கள். வாசல் விளக்கைப் போடுங்கள், நாயைக் கட்டுங்கள், ஒருவர் மட்டும் கேட்டில் நின்று பேசுங்கள். நிலைமை அந்த அளவுக்கு முற்றுவதற்கு முன்பே பேச, மனச்சோர்வு மற்றும் பதற்றக் குழுவின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567 இருக்கிறது, அதையும் அந்தத் தாளில் எழுதுங்கள்.

பயிற்சி முடிந்த பிறகு

இது எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று ஸ்டேஷன் கமாண்டரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். மெம்ஃபிஸ் முறையைப் பற்றி வந்த ஆய்வுகளில் போலீஸ்காரர்களின் அறிவும் மனப்போக்கும் மாறுகிறது என்பது திரும்பத் திரும்பத் தெரிகிறது, ஆனால் காயங்களும் பலப்பிரயோகமும் குறைகிறதா என்பதில் முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. அதனால் நீங்களே எண்ணுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஸ்டேஷனில் நடப்பதைப் பதியும் ஒக்கரன்ஸ் புக்கை வைத்துக்கொண்டு உட்காருங்கள். இப்படிப்பட்ட அழைப்பு எத்தனை, எத்தனை பேர் செல்லுக்குப் போனார்கள், யாருக்குக் காயம், கேஷுவல்டியில் எவ்வளவு நேரம் நின்றார்கள். நேரம் கூடிக்கொண்டே போனால் திரும்ப அந்த மேசைக்குப் போங்கள், கேஷுவல்டி சிஸ்டரிடம்.

போலீஸ்காரர்களின் மனசையும் கேளுங்கள். தூக்கில் தொங்கியவர்களை இறக்கி வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, அடுத்த அழைப்புக்குப் போகிறவர்கள் அவர்கள். எங்கள் பயிற்சியில் டீ நேரத்தில் ஒரு சார்ஜன்ட் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, இந்தக் குரல் கேட்பது, தூக்கம் வராதது எல்லாம் போலீசுக்கும் வருமா என்று கேட்டார். அவர்களுக்கென்று சுகாதார நலப் பிரிவு உள்ளேயே இருக்கிறது. அங்கே யாரைப் பார்ப்பது என்ற தகவலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், பொதுவில் சொல்லாமல் எல்லாருடைய தாளிலும் அச்சடித்துக் கொடுங்கள்.

ஆட்கள் மாற்றலில் போய்க்கொண்டே இருப்பார்கள். ஒரு வருடத்தில் நீங்கள் பயிற்சி கொடுத்த ரிலீஃபில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள், புதியவர்களுக்கு மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டும். எங்கள் ஸ்டேஷனுக்கு இந்த மாதம் நாலு புதுப் பேர் வந்திருக்கிறார்கள். அண்ணனிடம் கேட்டேன். வருகிறேன் என்றார், அந்தக் கதவுப்பக்கத்து நாற்காலியை மட்டும் எடுத்து வைக்கச் சொன்னார்.